பரளச்சிக் காட்டில் வார்சா

அருப்புக்கோட்டை
15.6.2025

அன்புள்ள ஷர்மிளாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நான், அத்தா, அம்மா, மாடியில் உன் அம்மா ஹலீமா பெரியம்மா எல்லாரும் நலம். சவூதியில் தம்மாமிலிருந்து பெரியத்தாவும் நேற்றுப் பேசினார். உன் நலமும் உன் விடுதிச் சாம்பாரின் நலமும் அறிய ஆவல்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆட்டத்தில் நடக்கும் எதையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாகப் பதிவுசெய்யப் போகிறேன். அதற்காகவே ஒரு நீள நோட்டு வாங்கியிருக்கிறேன். உன் கடிதங்களையும் என் கடிதங்களின் நகலையும் அதில் ஒட்டுவேன். நீ ஜெயித்தாலும் ஒட்டுவேன்.

உன் விடுதியில் போன் கிடையாது என்பதால் ஆட்டம் தபாலில்தான். நான் லிதுவேனியா, நீ போலந்து. ஒரு வருடத்துக்கு ஆளுக்கு ஒரு நகர்வு. பிரான்சும் ஜெர்மனியும் யார் பக்கம் சாயும் என்பதை நீ சீட்டுக் குலுக்கிச் சொல்ல வேண்டும்.

நூலகப் புத்தகத்தில் படித்த உண்மை வரலாறு இது. 1920 அக்டோபரில் ஒரு போலந்துத் தளபதி, தன் அரசின் பேச்சை மீறியதாகச் சொல்லிக்கொண்டு, படையோடு போய், லிதுவேனியா தன் தலைநகரம் என்று சொன்ன வில்னா நகரத்தைப் பிடித்தார். "எங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்றது போலந்து. ஆனால் உத்தரவே அங்கிருந்துதான் போயிருந்தது. அதன்பிறகு பதினெட்டு வருடங்கள் இரண்டு நாடுகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எல்லை தாண்டி ரயில் இல்லை. நேரடித் தபால்கூட இல்லையாம், ஷர்மி.

நம் ஆட்டம் இங்கேதான் வேறு பாதையில் போகப்போகிறது. உன் தளபதி வில்னாவில் நிற்கிறார். 1921இல் நீ என்ன செய்வாய்?

இப்படிக்கு,
ஜன்னத்துல் ஃபிர்தௌஸ்

பி.கு: பரளச்சிக் காட்டில் நம் பக்கத்துக்குக் கம்பி வேலி போட அத்தா நினைக்கிறார். காட்டுப்பன்றி உளுந்தை விட்டுவைப்பதில்லை. வேறு விசேஷம் இல்லை.


நாமக்கல்
29.6.2025

மூன்று மாதம் சின்னவளான என் தங்கைக்கு, அக்காவின் ஸலாம்.

நலம். காலை நாலரைக்கு எழுப்பிவிடுகிறார்கள். தினமும் முட்டை. நாமக்கல்லில் கோழிகூட நாலரைக்கு எழுந்திருக்காது என்று நினைக்கிறேன்.

உன் கடிதத்தை வார்டன் படித்துவிட்டு, "இதுல யாரு யார ஏமாத்துறா?" என்று கேட்டார். "மேடம், நான்தான்" என்றேன். பக்கத்துக் கட்டில் சுகப்பிரியா, விருதுநகர்ப் பிள்ளை, எட்டிப் பார்த்து, "வில்னான்னா யாருப்பா, உங்க சொந்தக்காரவுகளா?" என்றாள். ஆமாம், சொத்துத் தகராறு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

போலந்து 1921: தளபதியைத் திருப்பிக் கூப்பிட மாட்டேன். அவர் பேச்சை மீறிப் போனவர், நான் கூப்பிட்டால் வருவாரா? ருமேனியாவோடு உடன்படிக்கை செய்கிறேன். பிரான்ஸ் சீட்டு எனக்கு விழுந்தது. ஜெர்மனி சீட்டு உனக்கு. ஏமாற்றவில்லை, சுகப்பிரியா சாட்சி.

எட்டாவது லீவில் பரளச்சிக் காட்டில் ஐரோப்பா வரைந்தோமே, அப்போதும் வில்னாவுக்குத்தான் சண்டை போட்டாய். சுண்ணாம்புத் தூளில் நீ போட்ட கோட்டை ஆடு நக்கிவிட்டது.

அதென்ன, "நம் பக்கத்துக்கு வேலி"? காட்டில் இரண்டு பக்கமும் நம் பக்கந்தானே. உங்கள் பங்கு என்று எழுது, லிதுவேனியா. தமிழில் எழுதினாலும் உடன்படிக்கை உடன்படிக்கைதான்.

அனைவருக்கும் ஸலாம்.
ஷர்மிளா பானு


அருப்புக்கோட்டை
13.7.2025

அன்புள்ள ஷர்மிளா,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம், நலமறிய ஆவல். அம்மாவுக்கு இருமல் குறைந்துவிட்டது.

லிதுவேனியா 1922: லாத்வியா, எஸ்தோனியா, பின்லாந்து மூன்றையும் சேர்த்து ஒரு கூட்டணி அமைக்கிறேன். உண்மையில் இப்படி ஒன்று முழுமையாக அமையவே இல்லை. வில்னா தகராறு தங்களையும் இழுத்துவிடும் என்று அந்த நாடுகள் பயந்ததும் ஒரு காரணமாம். என் ஆட்டத்தில் அவை பயப்படவில்லை. ஜெர்மனி என் பக்கம் இருப்பதால் மேமல் துறைமுகம் எனக்குத் திறந்திருக்கிறது. நீ கடலுக்குப் போக வேண்டுமானால் ஒரே ஒரு சந்துதான் உண்டு, யோசித்துக்கொள்.

நேற்றுக் காட்டுக்குப் போனோம். சர்வேயர் வந்து அளந்தார். வெயில் அதிகம். அவ்வளவுதான்.

ஃபிர்தௌஸ்


நாமக்கல்
3.8.2025

ஃபிர்தௌஸுக்கு ஸலாம்.

நான் நலமாக இல்லை. ஞாயிறு ஐந்து நிமிடம் போன் தருவார்கள் அல்லவா, அந்த ஐந்து நிமிடமும் அம்மா அழுதாள். கேட்டால், "நீ படி, இது பெரியவுக விசயம்" என்கிறாள். கீழ்வீட்டில் யாரும் அவளோடு பேசுவதில்லையாம். வருடக் கடைசியில் மதுரைக்கு வீடு மாறிப் போய்விடலாம் என்று அத்தா சொல்லிவிட்டாராம். எனக்கு மதுரையில் யாரைத் தெரியும்?

"சர்வேயர் வந்து அளந்தார். வெயில் அதிகம். அவ்வளவுதான்." இந்த மூன்று வாக்கியத்தையும் பத்துத் தடவை படித்துவிட்டேன். கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறவள் நீதானே? குறைத்ததை எழுது.

போலந்து இந்த வருடம் நகரவில்லை.

ஷர்மிளா


அருப்புக்கோட்டை
10.8.2025

அன்புள்ள ஷர்மி,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் குறைத்துத்தான் எழுதினேன். மன்னித்துக்கொள். கேட்டுவிட்டாய், எழுதுகிறேன்.

வேலி போடுவதற்கு முன்னால் எல்லை சரியாக இருக்கட்டும் என்று அத்தா சர்வேயரைக் கூப்பிட்டார். எங்கள் பங்குக்கும் உங்கள் பங்குக்கும் நடுவில் நிற்கும் கல், வரைபடத்தில் இருக்கிற இடத்தில் இல்லை. பதினாறு தப்படி தள்ளி எங்கள் பக்கம் நிற்கிறது. பெரியத்தா போன வருடம் தண்ணீருக்குப் போட்ட ஆழ்துளைப் போர் அந்தப் பதினாறு தப்படிக்குள்தான் இருக்கிறது. அந்தக் கல்லைப் பார்த்துத்தான் அவர் இடம் குறித்தார். தண்ணீர் வந்த அன்று அத்தா நம் கடையிலிருந்து பைப்பைத் தாமே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினார், ஞாபகம் இருக்கிறதா?

சர்வேயர் அளந்த அன்று காட்டில் நின்றபடியே அத்தா பெரியத்தாவுக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அண்ணே, கல்லு நடந்தா வந்துச்சு?"

"நம்ம அத்தா காலத்துக் கல்லுடா அது. உன் சர்வேயரு சங்கிலிய எங்கிட்டுப் பிடிச்சு இழுத்தானோ."

"சோலைச்சாமிய விட்டு டிராக்டர்ல நெம்பிப் போட்டிருப்பீக."

"பாரி, என்னத் திருடன்னு சொல்றியா?"

"நான் சொல்லலண்ணே. கல்லு சொல்லுது."

அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. உங்கள் பங்கையும் உழுகிறார் என்பதற்காக, ஒரு பாவமும் அறியாத சோலைச்சாமி அண்ணன் மீது பழி.

ஷர்மி, அந்தக் கல்லை யார் எடுத்தார்கள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எட்டாவது முடித்த அந்தக் கோடையில் கரிசல் வெடித்துக் கை நுழைகிற அளவுக்குப் பிளந்து கிடந்தது. கல் பல்லைப் போல ஆடிக்கொண்டிருந்தது. அம்புக்குறி போட்ட கல் தலைநகரத்துக்கு நன்றாக இருக்கும் என்று சொன்னது நான். சோலைச்சாமி அண்ணனின் கடப்பாரையை எடுத்து வந்தது நீ. உருட்டியது இருவரும். எல்லைக்கல் என்று தெரியாது என்று நான் எழுத மாட்டேன். தெரியும். திரும்ப நட்டுவிடலாம் என்று நினைத்தோம். அடையாளத்துக்கு ஒரு வேலிக்கருவைப் புதரைப் பார்த்து வைத்திருந்தோம். ஒரு வாரம் கழித்துப் போனால் கரிமூட்டத்துக்காகப் புதர் முழுவதையும் வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். "இங்கதான்" என்றாய் நீ. "இல்ல, இன்னும் அங்கிட்டு" என்றேன் நான். இரண்டுக்கும் நடுவில் நட்டுவிட்டு வந்தோம்.

நாம் சொல்லிவிட வேண்டும். உன் சம்மதம் வந்ததும் சொல்கிறேன்.

உன் ஃபிர்தௌஸ்


24.8.2025

ஃபிர்தௌஸ்,

போலந்து 1923: எல்லையை மூடுகிறேன். ரயில் கிடையாது. வில்னாவில் என் படை நிற்கும்.

நீ உண்மை சொன்னால் உனக்குத் தண்ணீர், எனக்குக் கல். அதை யோசித்தாயா? உண்மை உன் பக்கம் இருக்கும்போது உண்மை பேசுவது சுலபம். அந்தப் போர்க் குழிக்குள் இருப்பது என் அத்தா தம்மாம் வெயிலில் நின்ற ஐந்து வருடம். ஊருக்கு வந்ததும் அந்தத் தண்ணீரில் மல்லிகை போடப் போகிறேன் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார். கல் நகரவில்லை என்று அவர் நம்புகிறார். நம்பட்டும். சர்வேயர் அளந்தது தப்பாக இருக்கக்கூடாதா?

என் பெயரைச் சொல்லாதே.

ஷர்மிளா


அருப்புக்கோட்டை
14.9.2025

அன்புள்ள ஷர்மிளா,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தில் ஸலாம் இல்லை. விட்டுப்போயிருக்கும் என்று வைத்துக்கொண்டேன். மாடியில் பெரியம்மா நலம். நேற்று அம்மா ஒரு கிண்ணத்தில் கறிக்குழம்பை மாடிப்படியில் வைத்துவிட்டு இறங்கிவிட்டாள். சாயங்காலம் கிண்ணம் கழுவி அதே படியில் இருந்தது. இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மூன்று வாரமாக எழுதவில்லை. நீ சொன்னதில் நியாயம் இருந்தது, அதனால்தான். என்னைப் பற்றியே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தண்ணீர் உங்கள் பக்கம் போகிற மாதிரி இருந்தால் இவ்வளவு வேகமாக உண்மை பேசியிருப்பேனா? தெரியவில்லை. நோட்டிலும் "தெரியவில்லை" என்றே எழுதியிருக்கிறேன்.

ஆனால் திங்கட்கிழமை சோலைச்சாமி அண்ணன் கடைக்கு வந்தார். நான் பள்ளி விட்டு வந்து உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

"பாயி, ஊருக்குள்ள எல்லாரும் கேக்குறாக. பொழிக்கல்லத் தின்னவன்னு பேரு வச்சிட்டாக. எம்மகனக்கூடப் பள்ளிக்கூடத்துல கேக்குறானுகளாம், உங்கப்பன் கல்லத் தின்னா செரிக்குமான்னு."

"நான் யாருட்டயும் சொல்லலயேப்பா."

"என்னய உழுக வரவேணாம்னு சொன்னீகள்ல. அது போதாதா? மழ எறங்கப் போகுது. ரெண்டு பங்கும் தரிசாக் கெடக்கு. நான் கல்லத் தொடல பாயி. தொட்டா எனக்கு என்ன, அதுல பாதி குடுப்பாகளா?"

அத்தா பைப் வெட்டிக்கொண்டே இருந்தார்.

ஷர்மி, அந்தத் தளபதியாவது வில்னாவுக்குப் போனார். இவர் எங்கேயுமே போகவில்லை.

நான் சொல்லப்போகிறேன். உன் பெயர் வராது. "நாங்கள்" என்று சொன்னால் அதற்குள் நீ வந்துவிடுவாய். ஆகவே "நான்" என்று சொல்வேன்.

லிதுவேனியா இந்த வருடம் படையை நகர்த்தவில்லை.

ஃபிர்தௌஸ்


அருப்புக்கோட்டை
21.9.2025

அன்புள்ள ஷர்மிளா,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம்.

சொன்னேன். அத்தா நம்பவில்லை.

"நீ எடுத்தியா? ஒத்தையிலயா?" என்றார்.

"ஆமாத்தா."

"நாலு பைப்பு எடுத்து வைன்னா மூச்சு வாங்குற. அந்தக் கல்ல நீ ஒத்தையில தூக்குனியாக்கும்."

"உருட்டுனேன்."

"ரெண்டு ஆளு வேணும்மா அத அசைக்க. பெரியத்தா மேல பாசம்னா இருந்துட்டுப் போ. அதுக்காக எங்கிட்ட பொய் சொல்லாத."

அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்து இன்னும் உறுதியாகிவிட்டார், பெரியத்தாவைக் காப்பாற்றத்தான் சொல்கிறேன் என்று. சொன்னதில் ஒரே ஒரு சொல்தான் பொய், ஷர்மி. அந்தச் சொல்லால் மீதி எல்லாமும் பொய்யாகிவிட்டது.

உன்னை எதுவும் கேட்கவில்லை. நடந்ததை எழுதினேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஃபிர்தௌஸ்


நாமக்கல்
25.9.2025

கண்ணியத்திற்குரிய சின்னத்தா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம். தங்கள் நலமும் சின்னம்மா நலமும் அறிய துஆச் செய்கிறேன். காலாண்டு விடுமுறையிலும் இங்கே வகுப்பு இருப்பதால் நேரில் வர முடியவில்லை.

பரளச்சிக் காட்டுக் கல்லை ஃபிர்தௌஸ் எடுக்கவில்லை. நாங்கள் எடுத்தோம். நானும் அவளும். எட்டாவது முடித்த லீவில், ஐரோப்பா வரைந்து விளையாடியபோது. கடப்பாரையை எடுத்து வந்தது நான். திரும்ப நடும்போது இடம் தெரியாமல் போய்விட்டது. தவறான இடத்தில் நட்டதும் நாங்கள்தான். சோலைச்சாமி அண்ணனுக்கோ என் அத்தாவுக்கோ எதுவும் தெரியாது.

ஃபிர்தௌஸுக்கே தெரியாத ஒன்று. அவள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தபோது, கல்லின் அடிப்பக்கத்தில் கம்பியால் ஊர்ப் பெயரைக் கீறினேன். மண்ணுக்குள் இருக்கிற பக்கம். தோண்டிப் பார்த்தால் இருக்கும்.

போர் யார் பங்கில் வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். என்னை மன்னியுங்கள். என் அத்தாவைத் திருடன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

தங்கள் மகள்,
ஷர்மிளா பானு

(கூட ஒரு துண்டுத்தாள்: "ஃபிர்தௌஸுக்கு. ஸலாம். போலந்து 1924: ஜெனீவாவில் உலக நாடுகள் சங்கத்துக்கு ஒரு கடிதம் அனுப்புகிறேன். 'அந்தத் தளபதி எங்கள் உத்தரவில்தான் போனார்.' வில்னா யாருக்கு என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நீயும் அவசரப்படாதே.")


அருப்புக்கோட்டை
3.10.2025, வெள்ளி

அன்புள்ள ஷர்மி அக்காவுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். உன் ஸலாம் வந்து சேர்ந்தது. நாங்கள் நலம், நீயும் நலமாக இருக்க வேண்டும். இப்போது கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் கடிதத்தை அத்தா நின்றபடியே படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். புதன்கிழமை காலை என்னையும் ஏற்றிக்கொண்டு பரளச்சிக்குப் போனார். சோலைச்சாமி அண்ணனை வரச் சொல்லியிருந்தார். அண்ணன்தான் தோண்டினார். கல்லைப் புரட்டித் தண்ணீர் ஊற்றித் துடைத்தார். அத்தா குனிந்து எழுத்துக் கூட்டினார்.

"வார்... சா. இது யாரு பேருப்பா?"

"தெரியல பாயி. எம்பேரு இல்ல, அது மட்டும் தெரியுது."

அத்தா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "நாளைக்கு டிராக்டர் வருமா?" என்றார்.

"மொதல்ல வேண்டாம்னு சொன்னவுக ஊருக்குள்ள வந்து நாலு பேரு முன்னால கூப்பிடணும். அப்ப வாரேன்."

நேற்று அத்தா போனார். டீக்கடை முன்னால் நின்று, எல்லார் காதிலும் விழும்படி, "சோலைச்சாமி, நான் சொன்னது தப்பு. உழுக வா" என்றார். நான் கூடப் போயிருந்தேன். அத்தாவின் காது சிவந்திருந்தது.

இன்று காலை பெரியத்தாவுக்குப் போன். அங்கே இன்று விடுமுறை. கடையில் ஆள் இருந்தும் ஸ்பீக்கரை அணைக்கத் தெரியாததால் எல்லாம் கேட்டது.

"அண்ணே."

அத்தா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"புள்ளைக பண்ண வேலைண்ணே. கல்லத் தோண்டி ஊருன்னு வச்சு விளாண்டுருக்குதுக."

"என்ன ஊரு?"

"வார்சாவாம். போலந்துல இருக்காம்."

பெரியத்தா சிரிக்கவில்லை. "யாரு சொன்னா?"

"உங்க மக கடுதாசி போட்டிருக்கா."

"போரு உன் பங்குக்குப் போயிரும்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே. தெரிஞ்சுதான் எழுதுறேன்னு எழுதியிருக்கா."

பைப்புக்கு வால்வு வாங்க வந்தவர்கூடக் காதைத் தீட்டிக்கொண்டார். பிறகு பெரியத்தா, "வாசி" என்றார். அத்தா உன் கடிதத்தை எடுத்து முதலிலிருந்து வாசித்தார். "திருடன் என்று மட்டும்" என்கிற இடத்தில் நிறுத்திவிட்டார். மீதியை நான் வாசித்தேன்.

"கல்ல எடுத்து அதோட எடத்துல நடு" என்றார் பெரியத்தா.

"போரு?"

"அதத் தோண்டியா வேற எடத்துல நட முடியும்? இருக்கட்டும். வந்து பேசுவோம்."

"தண்ணி ரெண்டு பங்குக்கும் பாயட்டும்ணே. பைப்பு நான் போட்டுத் தாரேன்."

"பைப்பு விக்கிறதுலயே இரு."

அத்தா சிரித்தார். பெரியத்தா சிரிக்கவில்லை. "நீ சொன்ன சொல்லு இன்னும் காதுலயே நிக்கிது பாரி. அது எறங்க நாளாகும்" என்றார். அத்தா, "சரிண்ணே" என்றார். பிறகு, "மதுரைக்கு வீடு பாக்கச் சொன்னீகளாமே?" என்று மட்டும் கேட்டார். "அத ஹலீமாட்ட கேட்டுத்தான் சொல்லணும். ஒனக்கு ஜும்ஆவுக்கு நேரமாச்சுல்ல. போய்த் தொழுதுட்டு வந்து கூப்பிடு" என்று பெரியத்தா வைத்துவிட்டார்.

வந்து கூப்பிடு என்றார், ஷர்மி. அதை அப்படியே எழுதியிருக்கிறேன், ஒரு எழுத்தும் கூட்டவில்லை.

லிதுவேனியா 1924: ஜெனீவாவில் உன் கடிதம் வாசிக்கப்பட்டது. நான் எல்லையில் ரயிலுக்கு வழிவிடுகிறேன். வில்னா பற்றி அவசரம் இல்லை. ஆனால் தபால் இன்றிலிருந்து நேராகப் போகும்.

இன்னும் எழுத இருக்கிறது. அத்தா தொப்பியைப் போட்டுக்கொண்டு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார், "எந்திரிம்மா, நேரமாச்சு" என்கிறார். கடை விளக்கை அணைத்துவிட்டார்.